கோல்ட் ஃபக்ட்: பாட்டு போன இடமும் காசு போன இடமும்

1970ல் டெட்ரொயிட் பாடகர் சிக்ஸ்டோ ரொட்ரிகஸின் 'கோல்ட் ஃபக்ட்' அல்பம் வெளியானது. மெக்சிக்கோவில இருந்து வந்த தொழிலாளியின் மகன் அவர். நகரத்து வறுமை, போதை, ஊழல் எல்லாத்தையும் கிற்றாரோட பாடினார். அமெரிக்காவில விற்பனையே இல்லை. பிறகு கட்டடம் இடிக்கிற கூலிவேலைக்குப் போனார்.

ஆனா நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவில அதே அல்பம் வெள்ளை இளைஞர்களின் வீடுகளில ஓயாமச் சுழண்டது. 'சுகர் மேன்' பாட்டை ஒலிபரப்ப ஏலாதபடி அரச வானொலி நூலகத்தில இருந்த இசைத்தட்டையே கீறி வைச்சாங்கள். பாடகர் மேடையிலயே செத்துப்போனார் எண்டும் கதை பரவினது. 1998ல் அவரே அங்க வந்து பாடினார்.

2012ல் வந்த 'சேர்ச்சிங் ஃபோர் சுகர் மேன்' ஆவணப்படம் இந்தக் கதைக்கு ஒஸ்கார் வாங்கினது. ஆனா 1979லயும் 1981லயும் அவர் அவுஸ்திரேலியாவில பாடினதை அது சொல்லேல்ல. முழுசா மறக்கப்பட்ட மனுசன் எண்டால்தானே கதை உருக்கமா இருக்கும்!

அந்த உருக்கத்துக்குள்ள ஒரு கணக்கு மறைஞ்சு போகுது. தென்னாபிரிக்காவில அத்தனை வருசம் வித்த காசு, டெட்ரொயிட்டில கட்டடம் இடிச்சுக்கொண்டிருந்த மனுசனிட்ட ஏன் வந்து சேரேல்ல?