கணக்கு பார்க்கும் ரிலே

நியூகாசில் நகரம் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. இன்றைய எண்ணூர்க்காரர் ஒருவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே போய் நின்றிருந்தால் ஊர் புதிதாகத் தோன்றியிருக்காது. ஆற்றில் நிலக்கரிக் கப்பல்கள், கரை நெடுகக் கப்பல் கட்டும் தளங்கள், இரும்பாலைகள், புகைபோக்கிகள், எதைத் தொட்டாலும் கையில் ஒட்டும் கரித்தூள். அந்த ஊரில்தான் 1904-இல் சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தின் ஜெனரேட்டரையும், மணலி துணைமின் நிலையத்தின் டிரான்ஸ்ஃபார்மரையும், ராயபுரத்து வீடு ஒன்றின் குளியலறையையும் காப்பது அடிப்படையில் அந்த ஒரே யோசனைதான். மின்வாரியத்தில் அதற்கு டிஃபரென்ஷியல் என்று பெயர்.

மின்சாரம் வந்த புதிதில் பாதுகாப்பு என்றால் பீஸ்தான். பிரான்சின் பிரெகே 1847-இலேயே தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியைச் சேர்க்கச் சொன்னார். எடிசன் 1890-இல் பீஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் கம்பி உருகி அறும், சப்ளை நிற்கும். ஒரு பட்டறைக்கு ஒரு லைன் போகிறவரை இது போதும்.

மெர்ஸ் இறங்கிய காரியம் பெரியது. 1901-இல் டைன் கரையில் நெப்டியூன் பேங்க் மின்நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் கொடுப்பதும், நிலையங்களையும் கேபிள்களையும் ஒன்றோடொன்று கோத்து வட்டாரம் முழுவதற்கும் சப்ளை தருவதும்தான் அவர் திட்டம். கப்பல் தளத்து முதலாளியிடம் போய், "உங்கள் நீராவி எஞ்சினை நிறுத்திவிடுங்கள், கரண்ட் நாங்கள் தருகிறோம்" என்று சொல்ல வேண்டும். எங்கோ ஒரு கேபிள் பழுதானால் எல்லாத் தளமும் சேர்ந்து நின்றுபோகும் என்றால் எந்த முதலாளி இசைவார்?

சிக்கல் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு கேபிளில் ஷார்ட் ஆனால், மின்நிலையத்திலிருந்து அந்தப் பழுது வரை உள்ள எல்லா வழியிலும் பெருங்கரண்ட் பாய்கிறது. வழியில் இருக்கும், இணைப்பைத் துண்டிக்கும் ஒவ்வொரு பிரேக்கருக்கும் அது தெரிகிறது. எது விழ வேண்டும்? பழுதுக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் விழ வேண்டும். அதற்காக நேரத்தைப் படிப்படியாக வைத்தார்கள்: கடைசிப் பிரேக்கர் உடனே விழும், அதற்கு முந்தையது கொஞ்சம் பொறுக்கும், அதற்கும் முந்தையது இன்னும் பொறுக்கும். ஊர்க்கோடி ஃபீடருக்கு இது நல்ல முறை, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கொடுமை உண்டு. மின்நிலையத்தை நெருங்க நெருங்கப் பழுதுக் கரண்ட் பெரிதாகும், காத்திருக்கும் நேரமும் நீளும். மிக மோசமாக எரியக்கூடிய இடத்தில்தான் மிகத் தாமதமாகத் துண்டிப்பு நடக்கும். இரண்டு பக்கமும் சப்ளை உள்ள லைனில் இந்தப் படிவரிசையே குழம்பிப்போகும்.

மெர்ஸும் பிரைஸும் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே போனது அவ்வளவும் வெளியே வந்ததா என்று பார்த்தார்கள். துறைமுகத்தில் டாலி கிளார்க் செய்கிற வேலை இது. கப்பலை விட்டு இறங்கிய மூட்டை எத்தனை, கிடங்குக்குள் போன மூட்டை எத்தனை என்று இரண்டு இடத்தில் எண்ணுவார்கள். ஆயிரம் இறங்கினாலும் பத்து இறங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வழியில் எங்கோ போயிருக்கிறது.

மெர்ஸும் பிரைஸும் ஒரு கேபிளின் இரண்டு முனையிலும் சி.டி. வைத்தார்கள். சி.டி. என்பது பெருங்கரண்ட்டை அதே விகிதத்தில் சிறிதாக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டையும் பைலட் கம்பியால் இணைத்து, பழுதைக் கண்டதும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேயை நடுவில் வைத்தார்கள். பழுது வெளியே எங்கே நடந்தாலும், கேபிள் வழியாக எத்தனை ஆயிரம் ஆம்பியர் பாய்ந்தாலும், போனதும் வந்ததும் சமம். ரிலே அசையாது. பழுது இந்த இரண்டு சி.டி.க்கும் நடுவில் இருந்தால் கணக்கு இடிக்கும், ரிலே உடனே விழும். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கேபிள் மட்டும் கழன்றுகொள்ளும், பக்கத்துக் கேபிள் வழியாகக் கப்பல் தளம் ஓடும். வட்டார மின்வலை என்ற ஒன்றை நம்பிக் கட்ட முடிந்ததற்கு இந்தக் கருவி ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். நீராவிச் சுழலிக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு இதற்குக் கிடைக்கவில்லை.

யோசனை எளிது, அதைப் பொய் சொல்லாமல் வேலை செய்யவைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டு சி.டி.க்கள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. வெளியே பெரிய ஷார்ட் ஆகும்போது ஒன்றின் இரும்பு முன்னதாகத் திணறிவிட்டால், இல்லாத திருட்டு இருப்பதாக ரிலே கத்தும். அதனால் ஓடும் கரண்ட் கூடக்கூட, ரிலே பொறுத்துக்கொள்ளும் வித்தியாசமும் கூடும்படி செய்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு தொல்லை. 230 கி.வோ. பக்கம் ஒரு கரண்ட், 110 கி.வோ. பக்கம் வேறு கரண்ட். ஸ்டார்-டெல்டா இணைப்பால் கோணமும் மாறும். அதையும் சரிக்கட்டியாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை முதலில் சார்ஜ் செய்யும் நொடியில் அதன் அளவுக் கரண்ட்டைப் போல் பல மடங்கு உள்ளே பாய்கிறது, மறுபக்கம் எதுவும் வெளிவருவதில்லை. கணக்குப்படி பார்த்தால் அப்பட்டமான பழுது. ஆனால் அந்தப் பாய்ச்சலில் இரண்டாம் ஹார்மானிக், அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் கரண்ட், மிகுதியாக இருக்கும். அதை அடையாளம் கண்டு ரிலே பொறுத்துக்கொள்ளக் கற்றது பின்னாளில். அதற்கு முன்பே, 1921-இல், ஜெர்மனியின் மாக்ஸ் புக்ஹோல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கிளம்பும் வாயுவைப் பிடித்து எச்சரிக்கும் ரிலேயைக் கொடுத்தார். இன்றும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டும் சேர்ந்தே காவல் இருக்கின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை மின்சாரத்தின் முதல் எதிரி மழைநீர். 1895 மே 7 அன்று இந்தியாவின் முதல் மின்சார டிராம் இங்கே ஓடியபோது, மின்கடத்தி தெருவுக்கு அடியில் ஒரு குழியில் ஓடியது. பருவமழை வெள்ளத்தில் அந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்காமல், பிறகு தலைக்கு மேல் கம்பி கட்டினார்கள். பேசின் பிரிட்ஜில் நகரத்துக்கு மின்நிலையம் வந்தது. வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி, ஐந்து யூனிட்டுகளில் 450 மெகாவாட்டாக வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை நிலையத்தின் மூன்று 210 மெகாவாட் யூனிட்டுகள் 1990-களின் நடுவில் வந்தன. பிறகு 600 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு, வல்லூரில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று. ரிலேக்களுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நகரத்தின் தெற்கே பல்லாவரத்தில் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் ஆலை ரிலே செய்துகொண்டிருந்தது. ஜி.இ.சி., அல்ஸ்தோம், அரேவா என்று பெயர்ப்பலகை மாறிய பின்னும், நாட்டின் பழைய சப்ஸ்டேஷன் பலகைகளில் பல்லாவரத்துக் கறுப்புப் பெட்டிகள் நெடுங்காலம் நின்றன. டிரிப் ஆனதும் ஷிஃப்டில் இருப்பவர் முதலில் போய்ப் பார்ப்பது அந்தப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் எந்தக் கொடி விழுந்திருக்கிறது என்பதைத்தான்.

210 மெகாவாட் ஜெனரேட்டர் 15.75 கிலோவோல்ட்டில் ஏறக்குறைய 9,000 ஆம்பியர் தருகிறது. அதன் ஸ்டேட்டர் சுருளுக்குள் ஒரு ஷார்ட் ஏற்பட்டு, அரை நொடி தாமதித்தால் செம்பு உருகி இரும்புத் தகடுகளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த யூனிட் மாதக்கணக்கில் நிற்கும். சுருளின் இரு முனையிலும் சி.டி. வைத்துக் கணக்குப் பார்க்கும் டிஃபரென்ஷியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 400 கிலோவோல்ட் லைனில் பழுது 100 மில்லி செகண்டுக்குள் துண்டிக்கப்பட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. ரிலே யோசிப்பதும் பிரேக்கர் திறப்பதும் சேர்த்தே அந்த நேரம்.

வட சென்னை மண்ணில் பழுதுக்குப் பஞ்சமில்லை. கடல்காற்றில் வரும் உப்பும், சாம்பலும், ஆலைத் தூசும் இன்சுலேட்டர் மேல் படிகின்றன. காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. தை மாதப் பனி இறங்கி அந்தப் படலம் நனைந்ததும் அது கடத்தத் தொடங்கும். இன்சுலேட்டரின் மேல் தீப்பொறி ஓடி லைன் டிரிப் ஆகும். கழுவித் துடைப்பதும், படலம் ஒட்டாத இன்சுலேட்டருக்கு மாற்றுவதும்தான் வழி. விடியற்காலைக் குளிரில் டவர் ஏறுகிற லைன்மேன்களின் உழைப்பு இதில் இருக்கிறது.

ரிலே சரியாக விழுந்தால் மட்டும் ஊருக்கு வெளிச்சம் நிலைக்காது என்பதையும் இதே பகுதி காட்டியது. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையின் பெரும்பகுதி இருண்டது. அலமாதியிலிருந்து வரும் வழி, வட சென்னை நிலையத்திலிருந்து வரும் வழி இரண்டிலும் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பி அறுந்ததாக மின்வாரியம் தெரிவித்தது. பழுதான பகுதியைக் கழற்றுவது ரிலேயின் வேலை. கழன்ற பிறகு கரண்ட் வர வேறு வழி இருக்க வேண்டும்; அது திட்டமிடுகிறவர்களின் வேலை. இரண்டு வழியும் ஒரே வளாகத்தில் சேர்ந்தால் அந்த வளாகத்துக்கு ஒரு மாற்று வேண்டும்.

தவறாக விழுந்த ரிலேயால் வந்த கேடு இன்னும் பெரிது. 2012 ஜூலை 30 அன்று பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் துண்டிக்கப்பட்டது. அங்கே பழுது எதுவும் இல்லை. சுமை ஏறி வோல்ட்டேஜ் இறங்கியிருந்ததை, தூரத்தை அளக்கும் ரிலே தொலைவில் ஒரு பழுது என்று எடுத்துக்கொண்டது. வட இந்தியா இருண்டது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொண்டன. சுமை எவ்வளவு ஏறினாலும் டிஃபரென்ஷியலுக்குப் போனதும் வந்ததும் ஒன்றுதான், அது ஏமாறாது. நீண்ட லைனுக்குப் பைலட் கம்பி இழுக்க முடியாததுதான் அன்றைக்குத் தடை. இப்போது டவர் உச்சிக் கம்பிக்குள்ளேயே ஆப்டிக்கல் ஃபைபர் போகிறது. முக்கியமான லைன்கள் எல்லாவற்றிலும் இதை வைப்பதில் தாமதம் கூடாது.

பிரைஸ் பிறகு தென்னாப்பிரிக்கா போய், தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்த நிறுவனத்தில் தலைமைப் பொறியாளரானார். மெர்ஸ் 1940 அக்டோபரில் லண்டன் வீட்டில் ஜெர்மானியக் குண்டு விழுந்து, இரு பிள்ளைகளோடு இறந்தார். அந்தத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களுக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்க, ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955-இல் கசிவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்தார். போன கரண்ட் திரும்பி வராவிட்டால் அது எங்கோ பூமிக்குப் போகிறது, ஒருவேளை ஒரு மனிதர் உடல் வழியாக. இன்று நம் வீட்டு ஆர்.சி.சி.பி. அதன் வழிவந்தது. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே வளையத்துக்குள் போகின்றன. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் விழுகிறது. அந்தக் கசிவு பீஸுக்கும் எம்.சி.பி.க்கும் தெரியவே தெரியாது.

காசிமேடு, ராயபுரம் பக்கத்து வீடுகளுக்கு இது மிகவும் வேண்டும். ஈரச் சுவர், உப்புக்காற்றில் துருப்பிடித்த மோட்டார், பழைய ஒயரிங் எல்லாம் அங்கே உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் வீடுகளில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தவரை இது காப்பாற்றாது, ஏனென்றால் கணக்கு சரியாக இருக்கும். வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருவோரப் பில்லர் பாக்ஸுக்கும் இந்தக் காவல் இல்லை. அங்கே இருப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கான பீஸ். மழைநீரில் ஒருவரைக் கொல்லப் போதுமான கசிவு அதை உருக்காது. தாழ்வான தெருக்களில் மிஞ்சியிருக்கும் பில்லர் பாக்ஸ்களை அடுத்த மழைக்குள் உயர்த்தவோ மாற்றவோ வேண்டும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியனிடம் அதை பைபாஸ் செய்யச் சொல்லாதீர்கள். இன்வெர்ட்டர் நியூட்ரல் கலந்திருக்கலாம், ஹீட்டர் கசியலாம். தேடிச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். தெருவில் பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தாலோ நீரில் மூழ்கியிருந்தாலோ கிட்டே போகாமல், மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழையுங்கள்.