போர்ப் பிரச்சாரத் தமிழ்த் திரைப்படங்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு ஆதரவு திரட்ட எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களும், பிற்காலத்தில் போர்களையொட்டி வந்த தேசபக்திப் படங்களும் இவ்வகையில் அடங்கும்.

முதல் தொகுதிக்கு வழிவகுத்தது பிலிம் தட்டுப்பாடு. கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்ததால் அரசு அதற்குப் பங்கீடு வைத்தது. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்றது. பங்கீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போர் ஆதரவுப் படம் எடுக்கவும் பட முதலாளிகளை நெருக்கியது. எடுத்தவர்களை வெள்ளைக்காரனின் கைக்கூலிகள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. விடுதலை உணர்வு ததும்பும் 'தியாகபூமி'யை (1939) எடுத்து, அதற்கு அரசு தடை போட்டதையும் கண்ட கே. சுப்ரமணியம்தான் போர் ஆதரவுப் படமான 'மானசம்ரட்சணம்' (1945) எடுத்தார்.

இவற்றில் பேர்பெற்றது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' (1945). இயக்குநர் டி. ஆர். சுந்தரமே ஜப்பானியத் தளபதி வேடம் கட்டினார், கதாநாயகி கே. எல். வி. வசந்தா. ஜப்பான் பிடியிலிருந்த பர்மாவில் இந்திய விமானப்படையினர் மாட்டிக்கொள்வது கதை. படம் காட்டிய ஜப்பான் பயம் வெறும் ஜோடனையல்ல. 1942-ல் பர்மாவை விட்டுக் காடு மலை கடந்து நடந்தே ஊர் திரும்பிய தமிழர்கள் ஏராளம். ஆனால் அதே போர்க்காலத்தில், அதே பர்மாவில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஜான்சி ராணிப் படையில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துத் துப்பாக்கியோடு நின்றார்கள். தலைவி, சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. அரசின் தணிக்கைக்கு உட்பட்ட படத்தில் அந்த ராணிகளைக் காட்ட வழியே இல்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது வழக்கு தொடங்கியதும் மக்கள் அவர்கள் பக்கம் திரண்டார்கள். வெளிவந்த வருஷத்திலேயே படத்தின் தேசபக்தி செல்லாமல் போனது.

ஏவி.எம்.மின் 'அந்த நாள்' (1954) வேறு வழியில் போனது. எஸ். பாலச்சந்தர் இயக்கிய இப்படம், 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பான் குண்டுவீசிய நாளில் தொடங்குகிறது, பாட்டே கிடையாது. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் ஜப்பானுக்கு உளவு சொல்லும் ரேடியோ பொறியாளர். தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற அவன் ஆத்திரத்தைப் படம் முழுதாகச் சொல்லவிடுகிறது. தீர்ப்பு தேசத்தின் பக்கம்தான். ஆனாலும் துரோகியை மனிதனாகக் காட்டியதால்தான் அது இன்றும் பார்க்கத் தாங்குகிறது.

சீனப் போரை வைத்து வந்த 'இரத்தத் திலகம்' (1963) அந்த அளவுக்குத் தாங்கவில்லை. அதன் போர்க்களக் காட்சிகளை மறந்தவர்களும், கண்ணதாசன் தாமே எழுதிய பாட்டுக்குத் தாமே திரையில் தோன்றியதை மறக்கவில்லை.