ஒரே பாட்டு, இரண்டு ட்ரம்

போன வருஷம் எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுக்குக் கனடாவிலிருந்து இரண்டு பெட்டி இறுவட்டுகள் வந்தன. வீடு மாறும்போது ‘எறிய மனம் வரேல்லை, பெடியள் கேக்கட்டும்’ எண்டு மாமா கப்பலில் போட்டுவிட்டவை. பெரும்பாலும் 60களினதும் 70களினதும் றொக். எங்களில் பாதிப்பேரிடம் சீடி பிளேயரே இல்லை. ஒரு அக்காவின் பழைய லப்டொப்பில் ட்ரைவ் இன்னும் வேலை செய்தது. அதில் நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கேட்கத் தொடங்கினோம்.

மூன்றாவது கிழமை ஒரு குழப்பம். பெட்டிக்குள் ஸீ ஸீ டொப் குழுவின் ‘ட்ரெஸ் ஹொம்ப்ரெஸ்’ அல்பம் இரண்டு இருந்தது. மாமா மறந்துபோய் இரண்டாம் தரம் வாங்கியிருப்பார் எண்டு நினைத்தோம். சும்மா இரண்டிலும் ‘லா கிரேஞ்ச்’ பாட்டைப் போட்டுப் பார்த்தால், ட்ரம் வேறு. ஒன்றில் பெரிய மண்டபத்துக்குள் நின்று அடிப்பதுபோல எதிரொலியோடு வீங்கிக் கேட்டது. மற்றதில் பக்கத்து அறையில் அடிப்பதுபோல, காய்ந்து, கிட்டவாக. கிற்றார் அதே கிற்றார், குரல் அதே குரல். பாட்டு 1973இல் ஒருதரம்தானே பதிவானது? பிறகு எப்படி இரண்டு ட்ரம்?

தேடிப் பார்த்தபோது கிடைத்த கதை இதுதான். 1983இல் ஸீ ஸீ டொப்பின் ‘எலிமினேட்டர்’ அல்பம் உலகம் முழுக்க ஓடியது. இயந்திரத் தாளம், சிந்தசைஸர், 80களின் மினுக்கம். அதற்குப் பிறகு 1987இல் குழுவின் பழைய அல்பங்களை ‘சிக்ஸ் பாக்’ என்ற பெயரில் சீடித் தொகுப்பாகப் போட்டார்கள். அப்போது பழைய ஒலியை அப்படியே விடவில்லை. 70களில் அடித்த ட்ரம்முக்கு 80களின் எதிரொலியும் புது ஒலியும் சேர்த்து, மறுபடி மிக்ஸ் பண்ணினார்கள். ‘ட்ரெஸ் ஹொம்ப்ரெஸ்’ அல்பத்தின் 1973ஆம் ஆண்டு மிக்ஸ் சீடியில் வர 2006 ஆனது. ‘டெஹாஸ்’ போன்றவற்றுக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட கிட்டத்தட்ட இருபது வருஷம் கடையில் சீடி வாங்கிய ஒருவருக்கு 1973 என்று விற்கப்பட்டது உண்மையில் 1987.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸீ ஸீ டொப்புக்கு நடந்தது ரீமிக்ஸ். ட்ரம், பேஸ், கிற்றார், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களாக இருக்கும் நாடாவுக்குத் திரும்பிப் போய், எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது எண்டு மறுபடி தீர்மானிப்பது. ரீமாஸ்டர் என்பது அதற்கு அடுத்த படி. மிக்ஸ் பண்ணி முடிந்த இரண்டு தட நாடாவை எடுத்து, ஒலிச் சமநிலையையும் மொத்தச் சத்தத்தையும் சரிபார்த்து வெளியீட்டுக்குத் தயாராக்குவது. மிக்ஸ் கறி என்றால் மாஸ்டரிங் கடைசியில் உப்புப் பார்த்து இறக்குவது. உப்பு ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் அதாலேயே கறி கெட்டுப்போகலாம்.

சீடி 1982 ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதுவரை ஒரு அல்பத்தின் கடைசி வடிவம் எல்.பி. இசைத்தட்டு. இசைத்தட்டுக்குச் சில கட்டாயங்கள் உண்டு. பேஸ் கூடினால் ஊசி துள்ளும். ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேலே நீண்டால் சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்கக் கீச்சொலிகள் மங்கும். 1969இல் ‘லெட் செப்பலின் 2’ அல்பத்தைப் பொப் லுட்விக் என்ற இளம் பொறியியலாளர் மிகுந்த சத்தத்தோடு வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளுகிறது எண்டு அதை நிறுத்தி, பேஸைக் குறைத்து வேறு தட்டு வெட்டினார்கள். லுட்விக்கின் பெயரின் முதலெழுத்துகள் கீறப்பட்ட அந்த முதல் தட்டுகளை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள்.

இப்படி இசைத்தட்டுக்காகத் திருத்திய நாடாப் பிரதிகள்தான் பல நிறுவனங்களின் அலுமாரியில் கைக்கெட்டிய இடத்தில் இருந்தன. சீடிச் சந்தை சூடு பிடித்ததும், மூல நாடாவைத் தேட நேரமில்லாமல், கிடைத்த பிரதியை எடுத்துச் சீடியில் ஏற்றிவிட்டார்கள். அதனால் பல முதல் சீடிகள் மெலிந்து, பேஸ் இல்லாமல், இரைச்சலோடு கேட்டன. ‘நாடாவின் குறைகளைச் சீடி வெளிக்காட்டக்கூடும்’ என்ற தோரணையில் உறையில் முன்கூட்டியே ஒரு மன்னிப்பும் அச்சடித்திருந்தார்கள். கெட்டித்தனம்தான். 1990களில் ரீமாஸ்டர் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்கு நியாயம் இருந்தது. 1990இல் ஜிம்மி பேஜ், ஜோர்ஜ் மரினோவுடன் உட்கார்ந்து லெட் செப்பலின் நாடாக்களை மறுபடி எடுத்தபோது, குழுவின் ஆளே பொறுப்பெடுத்துப் பழைய பிழையைத் திருத்துகிறார் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சிக்கல்.

ஊசி என்ற ஒன்று சீடியில் இல்லை. ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதி வைக்கிறது. அதன் மேற்படிதான் கூரை. அதற்கு மேலே ஒன்றுமில்லை. ஒரு பாட்டில் ட்ரம் அடி கூரையைத் தொடும், குரல் நடுவில் நிற்கும், கிற்றார் தேய்ந்து கீழே போகும். இந்த ஏற்ற இறக்கம்தான் பாட்டின் மூச்சு. பாட்டு முழுவதையும் இன்னும் சத்தமாக்க வேண்டும் என்றால் கூரையை உயர்த்த முடியாது. ட்ரம் அடியின் தலையைச் சீவிவிட்டு மற்ற எல்லாவற்றையும் மேலே தூக்க வேண்டும். லிமிட்டர் என்ற கருவி செய்வது அதைத்தான். சீவினால் குரல் பெலக்கும், ஆனால் ட்ரம்முக்கு அடி இருக்காது, தட்டல்தான் இருக்கும்.

ஏன் இதைச் செய்தார்கள்? காது ஏமாறும் என்பதால். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் காதுக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறைந்து கேட்கும் என்பதை பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் ‘இது தெளிவாக இருக்கு’ எண்டு சொல்லுவோம். பக்கத்துச் சீடியைவிட எங்கள் சீடி மெதுவாகக் கேட்கக்கூடாது என்ற போட்டி 90களின் நடுவிலிருந்து வெறியாக மாறியது. புதிய அல்பங்களோடு நிற்கவில்லை. முப்பது வருஷம் பழைய நாடாக்களையும் ‘ரீமாஸ்டர்’ என்ற முத்திரையோடு இழுத்துக் கூரையில் ஒட்டினார்கள்.

இதன் உச்சம் 1997. த ஸ்டூஜஸ் குழுவின் ‘றோ பவர்’ 1973இல் வந்தது, மிக்ஸ் பண்ணியவர் டேவிட் போவி. மெலிந்த, விசித்திரமான மிக்ஸ், பேஸைத் தேட வேண்டும். பாடகர் இகி பொப்பே 1997இல் அதை மறுபடி மிக்ஸ் பண்ணி, எல்லா முள்ளும் சிவப்பில் நிற்கும்படி வெளியிட்டார். வெளிவந்த றொக் சீடிகளிலேயே மிகச் சத்தமானவற்றில் ஒன்று எண்டு அது பெயரெடுத்தது. கொஞ்சம் பொறுங்கோ, இங்கே குற்றவாளி நிறுவனம் இல்லை. பாடினவரே செய்தது. எங்களில் ஒருவருக்கு அந்தச் சத்தம்தான் பிடித்திருக்கிறது, ‘பங்க் எண்டால் காது வலிக்கத்தானே வேணும்’ என்கிறார். மற்றவர்களுக்கு மூன்றாவது பாட்டிலேயே களைத்துவிட்டது. 2010இல் போவியின் மிக்ஸ் மறுபடி சீடியில் வந்தது. எது சரி என்ற சண்டை எங்கள் அறையிலும் தீரவில்லை. ஆனால் இரண்டும் கிடைப்பதால்தான் சண்டை பிடிக்கவாவது முடிகிறது.

பீற்றில்ஸ் கதை இன்னும் வேடிக்கை. அவர்களின் அல்பங்கள் 1987இல்தான் சீடியில் வந்தன. முதல் நாலும் மோனோ. ‘ஹெல்ப்!’, ‘றபர் சோல்’ இரண்டையும் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் அந்தச் சீடிகளுக்காக மறுபடி ஸ்டீரியோ மிக்ஸ் பண்ணினார். 2009 செப்டெம்பர் 9இல், அபி றோட் பொறியியலாளர்களின் நாலு வருஷ உழைப்புக்குப் பிறகு, முழுத் தொகுப்பும் ரீமாஸ்டராக வந்தது. ஸ்டீரியோ தொகுப்பில் லிமிட்டரை அளவாகப் பாவித்தார்கள், மோனோ தொகுப்பில் பாவிக்கவேயில்லை. எங்கள் காதுக்கு அந்த மோனோ, இந்தப் பெட்டியிலேயே நேர்மையான வேலை. வேடிக்கை என்னவென்றால், 2009 ஸ்டீரியோ தொகுப்பில் அந்த இரண்டு அல்பங்களுக்கும் இருப்பது 1987ஆம் ஆண்டு மிக்ஸ். 1965இல் வந்த அசல் ஸ்டீரியோ மிக்ஸ் வேண்டுமென்றால் மோனோ பெட்டியை வாங்க வேண்டும். அதில்தான் மேலதிகமாகச் சேர்த்திருந்தார்கள். ஸ்டீரியோவைக் கேட்க மோனோ வாங்கு! வரலாற்று ஆவணம் ஒன்றை இதைவிட வடிவாக ஒளித்து வைக்க முடியாது.

நீங்களும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எங்களின் தவறைச் செய்யாதீங்கோ. முதல் இரண்டு கிழமையும் போட்டதைப் போட்டபடி கேட்டு, ஒவ்வொரு தரமும் புதிய ரீமாஸ்டருக்கே வாக்களித்தோம். பிறகுதான் சத்தத்தைச் சமப்படுத்தவில்லை என்பது உறைத்தது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிவையும் ஏற்றி, சத்தமானதைக் குறைத்துச் சமமாக்கி, எது எதுவென்று தெரியாமல் கேட்டோம். பாதி முடிவுகள் தலைகீழானது. பதிவின் அலை வடிவத்தைப் பார்த்தாலே கொஞ்சம் விளங்கும். பழையது பனங்கூடல் மாதிரி உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும், நசுக்கியது மதில் மாதிரி இருக்கும். இன்னொன்று: ஆரம்ப கால யப்பானியச் சீடிகள் சிலவற்றில் கீச்சொலியை வேண்டுமென்றே கூட்டிப் பதிந்திருப்பார்கள், பிளேயர் அதைத் திரும்பக் குறைக்கும். கணினியில் ஏற்றும்போது இந்தக் குறைப்பு சிலவேளை நடக்காது. ‘பழைய சீடி கூர்மையாகக் குத்துது’ எண்டு தீர்ப்பு எழுத முன்னர் அதையும் பாருங்கோ.

பழையதுதான் எப்போதும் நல்லது எண்டும் நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த சில 80களின் சீடிகள் உண்மையிலேயே பரிதாபம். நாடாவும் காத்துக்கொண்டிராது. 70களின் நடுப்பகுதியிலிருந்து வந்த சில வகை நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போய், ஓடவிட்டால் பூச்சு உரிந்து வரும். 50 பாகைக்குக் கொஞ்சம் மேலான சூட்டில் மணித்தியாலக் கணக்கில் வாட்டி எடுத்தால்தான் ஒருக்கா ஓட்டிப் பிரதி எடுக்கலாம். எங்கள் வீட்டுக் கசற்றுகளில் பூஞ்சணம் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்படிக் காப்பாற்றியெடுத்த ஒலியைப் பிறகு கூரையில் ஒட்டி நசுக்குவதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது அந்தப் போட்டிக்கான காரணமும் போய்விட்டது. ஸ்பொட்டிபை போன்றவை எல்லாப் பாட்டுகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருகின்றன. நசுக்கிய பாட்டை அதுவே குறைத்துவிடும், சத்தத்தால் கிடைத்த லாபம் பூச்சியம். ஆனால் நசுக்கிய பதிப்புகள் நசுங்கியபடியே கிடக்கின்றன. அங்கே தேடினால் பெரும்பாலும் மேலே வருவது கடைசியாக வந்த ரீமாஸ்டர்தான்.

மாமாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டோம், ஏன் மாமா ஒரே அல்பத்தை இரண்டு தரம் வாங்கினீங்கள் எண்டு. நீண்ட குரல் பதிவு ஒன்று வந்தது. 80களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு றெக்கோடிங் பாரில் எல்.பி.யிலிருந்து அடித்த கசற்றில்தான் அவர் ‘லா கிரேஞ்ச்’ கேட்டது. நாட்டை விட்டுப் போகும்போது வீட்டில் விட்டுப்போன கசற், 95 இடப்பெயர்வோடு இல்லாமல் போய்விட்டது. ரொறொன்ரோவில் முதல் சம்பளங்களில் ஒன்றில் அந்தச் சீடியை வாங்கிப் போட்டிருக்கிறார். ட்ரம் தெரிந்த ட்ரம் இல்லை. ‘நான்தான் பிழையா ஞாபகம் வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சன். பதினைஞ்சு வருஷம் அப்பிடித்தான் நினைச்சன்’ என்றார். 2006 சீடி வந்தபோது வீட்டில் ஒருவருமில்லாத நேரம் பார்த்துப் போட்டுக் கேட்டாராம்.

இரண்டு உறையிலும் மார்க்கரால் ஆண்டை எழுதி, பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம்.