சியன்னாச் சுவரில் நம்ம தாணே

தாணேன்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரில் புறப்பட்ட நாட்டின் முதல் பயணிகள் வண்டி 34 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் வந்து நின்றது. ஆனால் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரின் பெயர் இத்தாலி வரை போய்விட்டது. போன விதம்தான் துயரமானது.

ஹோர்முஸிலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகள் நால்வர் தாணேயில் கரை ஒதுங்கினர். சமய வாதம் ஒன்றில் சிக்கி, 1321 ஏப்ரலில் இங்கே கொல்லப்பட்டனர். உடன் வந்த ஜோர்டானஸ் என்ற டொமினிக்கன் துறவி அவர்களை சோபாராவில், அதாவது இன்றைய நாலாசோபாராவில், அடக்கம் செய்தார். இவரே 1329இல் கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்டவர். பின்னால் வந்த ஓதோரிக் என்ற துறவி, இறந்தவர்களின் எலும்புகளை எடுத்துக்கொண்டு கொல்லம் வழியாகச் சீனம் வரை போனார். ஊர் திரும்பி 1330இல் பாதுவா நகரில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயணநூலில் தாணேயும் வருகிறது, நம் சோழமண்டலக் கரையும் வருகிறது.

சரி, இதில் ஓவியம் எங்கே வந்தது? இறந்த நால்வரில் ஒருவர் சியன்னா நகரத்துப் பீட்டர். அந்த ஊர் பிரான்சிஸ்கன் ஆலயத்தில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி தீட்டிய சுவரோவியம் ஒன்று உண்டு. நடுவே அரியணையில் ஓர் அரசர். கீழே மண்டியிட்ட துறவிகள், வாளோங்கிய கொலையாளி. இது தாணே நிகழ்ச்சியே என்பர் ஆய்வாளர் சிலர். துறவிகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை, இது வேறோர் ஊர் என்பர் வேறு சிலர். தாணே என்போர் காட்டும் சான்று புயல். கொலை நடந்ததும் இடியும் மின்னலும் எழுந்ததாக ஓதோரிக் சொல்கிறார். அந்த மடத்தில் லொரென்செத்தி தீட்டிய கதையில் அப்படியொரு புயற்காட்சி இருந்ததை 15ஆம் நூற்றாண்டுச் சிற்பி கிபெர்த்தி வியந்து எழுதியிருக்கிறார்.

இதே ஓவியர் 1345இல் சியன்னா நகர மாளிகைக்குச் சுழலும் வட்ட உலகப்படம் ஒன்றையும் செய்து கொடுத்தார். படம் அழிந்துவிட்டது. அது சுற்றிச் சுற்றித் தேய்த்த வட்டக் கீறல்கள் மட்டும் சுவரில் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்து உலகப்படங்கள் பெரும்பாலும் அளந்து வரைந்தவை அல்ல; வணிகரும் துறவியரும் சொன்னதைக் கேட்டு வரைந்தவை.

சுவரோவியமும் அப்படித்தான். அதில் நம்ம கழிமுகம் இல்லை, தென்னை இல்லை. தர்பார் நடப்பது இத்தாலிய வளைவுகளின் கீழே. கூட்டத்தில் கூம்புத்தொப்பி போட்ட மங்கோலியரும் நிற்கிறார். தாணேயைத்தான் வரைந்தார் என்றால், தனக்குத் தெரிந்த தூரதேசத்து முகங்களையெல்லாம் திரட்டிக் காணாத ஊரொன்றைக் கட்டியிருக்கிறார்.

இதைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? தாராவிக்கு வந்தவர்களைப் பெற்ற தாய்மார் திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு, கடிதத்தில் வந்த நாலு வரியை வைத்துத்தானே பம்பாயை மனசுக்குள் வரைந்தார்கள்! தெரிந்த தெருவையும் தெரிந்த கோயிலையும் வைத்துத்தானே அதைக் கட்டினார்கள்! போன பிள்ளை எங்கே இருக்கிறான், எங்கே விழுந்தான் என்று பார்க்கத் துடிப்பது எல்லா ஊருக்கும் பொது. சியன்னாக்காரர்களுக்கு அதை ஓர் ஓவியர் சுவரில் காட்டினார். நம்மவர்களுக்கு அப்படி யாரும் வரையவில்லை. இம்மலர் போன்ற ஏடுகளில் நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.