தொந்தியின் வரலாறு

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பர். பள்ளிப் பிள்ளைகளோடு ஒருநாள் அப்படிகளில் ஏறினோம். பாதி வழியில், பருத்த உடலுடைய சிறுவன் ஒருவன் மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டான். “தின்பதைக் குறைத்தால் ஏறலாம்” என்றார் எதிரே இறங்கி வந்த பெரியவர் ஒருவர். “அவன் தலையெழுத்து ஐயா!” என்றார் அவருடன் வந்தவர். பிள்ளைகள் சிரித்தனர். நாமோ வாய் மூடி நின்றோம். அதற்காக இன்றும் நாணுகிறோம். அறிவுரை அளித்த பெரியவருக்குக் கைகால் குச்சி, வயிறோ குடம்! அந்தத் தொந்தியைக் கண்டு சிரித்தார் ஒருவரும் இலர்.

சிரிப்பு யாருக்கு உரியது என்பதன்று நம் கேள்வி. ஆபத்து யாருக்கு என்பதே கேள்வி.

பருமன் என்றால் பெருந்தீனி, பெருந்தீனி என்றால் குற்றம் என்பது பழந்தீர்ப்பு. அத்தீர்ப்பைத் திருத்த முனைந்தவர் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் வாக். கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் கேளாதீர், எங்கே சேர்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள் என்றார் அவர், 1947-இல். வயிற்றைச் சுற்றிச் சேர்வது ஒருவகை. இடுப்பிலும் தொடையிலும் சேர்வது மற்றொரு வகை. நீரிழிவு நாடி வருவது முன்னதையே என்று எழுதினார். உலகம் அதை ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா? 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் தம் இருவர் உடலையுமே சான்றாக்கினர். உயரத்துக்கேற்ற எடையின் குறியீடு இருவருக்கும் 22.3. கொழுப்போ, யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2! தராசு ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்லிற்று. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வும், உடற்பருமன் உடையோர் நூற்றுக்கு 28.6 என்றும், வயிற்றுப் பருமன் உடையோர் 39.5 என்றும் கணக்குக் காட்டுகிறது.

இனிக் குடலுக்குள் நுழைவோம். அதே 2004-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வுக்குழு, நுண்ணுயிரே அண்டாமல் வளர்த்த எலிகளின் குடலில் மற்ற எலிகளின் நுண்ணுயிர்களைக் குடியேற்றியது. இரண்டே வாரத்தில் அவற்றின் கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு ஏறிற்று. தின்றதோ முன்னைவிடக் குறைவு! நம்மால் செரிக்கவியலாத நாரை அவ்வுயிர்கள் நொதிக்கச் செய்து, அதிலிருந்தும் உடலுக்கு ஆற்றல் பிழிந்து தருகின்றன. உடனே, இன்ன குலத்து நுண்ணுயிர் மிகுந்தால் பருமன், இன்ன குலத்தது மிகுந்தால் மெலிவு என்று முரசறைந்தனர் பலர். வேறு வேறு நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அம்முரசு கிழிந்தது. பருமனை ஒரே பொருளாகக் கொண்டால் விடை எவ்வாறு ஒன்றாகும்? 2016-இல் இலண்டன் அறிஞர்கள் 1,313 இரட்டையரை ஆராய்ந்தபோது, குடல் நுண்ணுயிரோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டது வயிற்றின் உட்புறக் கொழுப்பே எனக் கண்டனர். படியில் இறங்கி வந்த பெரியவர் நினைவுக்கு வருகிறார் அன்றோ?

இவையெல்லாம் கடல் கடந்த செய்தி என்று எண்ணிவிட வேண்டா. திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1-இல். எல்லைக்காக நாம் போராடி முடித்த அக்காலத்தில்தான், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோயின் வேரைத் தேடிக்கொண்டிருந்தனர் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாத்தனும். அத்தேடல் நலமுடையோர் குடலையும் எண்ணிப் பார்க்கச் செய்தது. தென்னாட்டார் சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்கள் பி12 உயிர்ச்சத்தை ஆக்க வல்லவை என்று 1980-இல் உலகறியச் செய்தது அக்குழுவே.

அதே கல்லூரியில் ராமகிருஷ்ணாவின் குழு, பருத்த சிறுவர் 15 பேரையும் பருமனற்ற சிறுவர் 13 பேரையும் ஒப்பிட்டு, 2010-இல் முடிவை வெளியிட்டது. மற்ற நுண்ணுயிர் வகைகளில் குறிக்கத்தக்க வேறுபாடு இல்லை. ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்னும் ஒன்று மட்டும் பருத்த சிறுவரிடம் மிகுந்திருந்தது. அழற்சியைத் தணிக்கும் நல்லுயிர் என்று பிரான்சில் போற்றப்பட்டது அது! அங்கே நல்லது இங்கே தீயதாயிற்றா? அவ்வாறு துணிந்து கூற 28 பேர் போதார். வயிற்றுப் பருமன், இடுப்புப் பருமன் எனப் பிரித்த ஆய்வும் அன்று அது. ஆயினும், அயலார் அளவுகோலை அப்படியே வாங்கி நம் பிள்ளைகள்மீது வைக்கலாகாது என்பதற்கு இதனினும் அண்மையில் வேறு சான்று தேட வேண்டியதில்லை. திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியே சென்றால் அரை நாளுக்குள் வேலூர்.

எம் பள்ளியில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் எடையும் உயரமும் குறிப்பதுண்டு. இவ்வாண்டு தையற்காரரிடமிருந்து அளவுநாடா ஒன்றை வாங்கி வந்து, இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு கட்டம் வரைந்தோம். முதலில் அளக்க வந்து நின்றவன், அன்று படியில் உட்கார்ந்த அச்சிறுவன்.