உப்பு யார் எடுக்கிறாங்கப்பா?

நாலாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் தண்டி யாத்திரை பற்றி சார்ட் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். அகமதாபாத்தில் இருந்துகொண்டு இதைக்கூட சொல்லித்தராவிட்டால் எப்படி? உற்சாகமாக உட்கார்ந்தேன்.

1930 மார்ச் 12-ல் காந்தி சபர்மதியிலிருந்து கிளம்பி, ஏப்ரல் 6-ல் தண்டியில் உப்பு அள்ளினார். அடுத்த வாரமே ராஜாஜி சுமார் நூறு பேரோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். "நம்ம ஊர்லயுமா?" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

உப்புக்கு வரி போட்டால் என்னப்பா என்றாள். பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புதான் சாப்பிடுகிறார்கள். வெயிலில் வேர்வை சிந்துகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். வரி யார் தலையில் விழும்? அந்த வரிக்காகவே சிந்து நதி முதல் மகாநதிப் பக்கம் வரை 2,300 மைலுக்கு மேல் சுங்கக் காவல் போட்டிருந்தார்கள். பல இடங்களில் முள்வேலியே வளர்த்தார்கள். 1879-ல்தான் அதைக் கைவிட்டார்கள். வரி ஒழிய 1947 ஆயிற்று.

எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டாள். "இப்போ நம்ம உப்பை யாரு எடுக்கிறாங்க?"

"கம்பெனிக்காரங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நாட்டின் உப்பில் பெரும்பகுதி விளைவது இந்த குஜராத்தில்தான். சில மணி நேரப் பயணத்தில் சின்ன ரண். அங்கே அகரியா என்ற உப்பளத் தொழிலாளர்கள் மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு போய்க் குடிசை போடுகிறார்கள். கிணறு தோண்டி, கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாகக் காயவிட்டு, மரப்பலகையால் நாள்தோறும் வாருகிறார்கள். கோடை வரை இதே வேலை. குடிதண்ணீர் டேங்கரில் வர வேண்டும். உப்பிலேயே நின்று பாதம் இறுகிப்போகிறது.

கிலோவுக்கு அவர்கள் கையில் நிற்பது ஒரு ரூபாய்கூட இல்லை. சீசன் தொடங்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவதால், விலை சொல்வது அவர்தான். பரம்பரையாகப் பாடுபடும் அந்த நிலத்துக்குப் பட்டாவும் இல்லை. 1973 முதல் அது காட்டுக்கழுதைகளுக்கான சரணாலயம். சமீப வருடங்களில் மானியத்தில் வந்த சோலார் பம்பு டீசல் செலவைக் குறைத்திருக்கிறது. அது ஒரு ஆறுதல்.

வரி போய்விட்டது, நியாயம் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "அப்போ நாம என்ன செய்யணும்?" என்றாள். கடையை மாற்றினால் தீருகிற விஷயம் இல்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

காலையில் பார்த்தால் சார்ட்டில் காந்திக்குப் பக்கத்தில் பலகை பிடித்த ஒரு அம்மா. கீழே 'இவங்களும்' என்று எழுதியிருந்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். உப்பு எடுத்தவரையும் சேர்த்துச் சொல்லித்தரலாம்.