வேடமும் அச்சமும்

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்குக் கோயில் திருவிழாவும் இரவு நாடகமும் இணைபிரியாதவை. அவர்தம் தாயகத்தில் நாடக மேடையைச் சூழ்ந்து வழங்கிய நம்பிக்கைகள் எண்ணத்தக்கன.

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் பெயர் பெற்றவர். அவர் எமனாகத் தோன்றிய ஓர் இரவில், அவையிலிருந்த கர்ப்பிணி ஒருவர் அஞ்சிக் கருவிழந்தார் என்று நாடக உலகம் வழிவழியாகக் கூறிவருகிறது. அதன்பின் அவர் அரிதாரம் பூசுவதை விடுத்து, நாடகம் இயற்றுவதிலும் பயிற்றுவதிலும் ஈடுபட்டார் என்பர். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலியன அவர் தந்த செல்வங்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களை உருவாக்கிய அவர், 1922இல் மறைந்தார்.

வடதமிழகத் தெருக்கூத்திலோ, திரௌபதியின் துகிலைப் பற்றுமுன் துச்சாதன வேடதாரி கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பிழைபொறுக்க வேண்டுவார். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம வேடம் புனைபவர் நோன்பிருந்தே, பூசைக்குரிய முகமூடியை அணிவார். ஆவேசம் மிகும் என்பதால் அவரைப் பிறர் பிடித்து நிற்பர். ஆங்கில நடிகரும் அரங்கினுள் 'மாக்பெத்' என்னும் நாடகத்தின் பெயரை உச்சரிக்கத் தயங்குவதுண்டு.

இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளுவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். ஆங்கில நடிகர் அஞ்சுவது தமக்கு நேரும் தீங்கிற்கு. சுவாமிகளின் கதையில் வரும் அச்சமோ, தம் கலையால் பிறர்க்கு நேர்ந்த தீங்கு பற்றியது. துச்சாதன வேடதாரியும் நடிப்பிற்காகவே மன்னிப்பு வேண்டுகிறார். கலைஞன் தன்னினும் பெரிதொன்றின் முன் பணியும் அப்பணிவே கூத்தை வழிபாடாக்கியது.